துருக்கியின் லிசியாக் கடற்கரை: 9 நாள், அம்மா அப்பாவோடு. எதை வெட்டுவது?

தேன்சிட்டு | ஆகஸ்ட் 11, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வந்து என்னோடு இருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் மூன்று பேரும் துருக்கியின் தெற்குக் கடற்கரைக்கு, பழைய லிசியா நாட்டுப் பக்கம், போகலாம் என்று திட்டம். அந்தாலியாவில் இறங்கி, டாலமானில் ஏறித் திரும்புகிற மாதிரி விமானம் பார்த்து வைத்திருக்கிறேன். டிக்கெட் இன்னும் போடவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஒரு தூணைக் காட்டினால் அரை மணி நேரம் அங்கேயே நிற்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதோடு, "இடிஞ்ச சுவரைப் பார்க்க விமானம் ஏறணுமா?" என்கிற கட்சி. அவருக்குக் கடல் இருந்தால் போதும். இரண்டு பேரும் சுத்த சைவம்.

நான் போட்ட பட்டியல்: அந்தாலியா, பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிதே, தெர்மெசோஸ், பாசெலிஸ், ஒலிம்போஸ், சிராலி நெருப்பு, மீரா, கெகோவா, காஷ், பதாரா, சாந்தோஸ், லெதூன், சக்லிகென்ட் பள்ளத்தாக்கு, காயாகோய், ஒலூதெனிஸ், டால்யான். கொஞ்சம் அதிகமோ?

சக்கரக்கால் | ஆகஸ்ட் 11, இரவு 10:25

அதிகமே இல்லை. விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். டி-400 நெடுஞ்சாலை கடலை ஒட்டியே போகும், அந்தச் சாலையே ஒரு சுற்றுலாதான். நான் இந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டு ஊர் சேர்த்து 7 நாளில் முடித்தேன். காலை 7 மணிக்குக் கிளம்பினால் ஒரு நாளைக்கு மூன்று இடம் தாராளம்.

அரைப்படி | ஆகஸ்ட் 11, இரவு 10:31

முடித்தீர்களா, பார்த்தீர்களா?

உப்புக்காற்று | ஆகஸ்ட் 12, காலை 7:15

தேன்சிட்டு, முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி நேரடியாக இ-விசா தராது. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அட்டையோ இருந்தால் தரும். உங்களிடம் அட்டை இருக்கும். அம்மா அப்பாவின் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் துருக்கிக்குப் போய்விட்டு ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. இதைக் கடைசி நேரத்தில் கவனித்துத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, நமக்குக் கிடைக்கிற இ-விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான். காஷ் துறைமுகத்தில் நின்றால் கிரேக்கத் தீவு ஒன்று எதிரிலேயே தெரியும். துருக்கியர் அதை மெயிஸ் என்பார்கள். படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. "காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்" என்று கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். போனால் திரும்பி வர இன்னொரு துருக்கி விசா வேண்டும். ஆசைப்படாதீர்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். நான் அந்தக் கரைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை சக்கரக்கால் சொன்ன மாதிரிதான் ஓடினேன். திரும்பி வந்து படங்களைப் பார்த்தால், எந்த அரங்கம் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் அரை வட்டமாக, எல்லாம் கல்லாக இருந்தன.

நான் செய்கிற கணக்கு இது. மொத்தம் 8 இரவு: அந்தாலியாவில் 2, காஷில் 4, ஃபெத்தியேயில் 2. அந்தாலியாவுக்குக் கிழக்கே இருக்கிற பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிதே மூன்றையும் வெட்டுங்கள். அவை பழைய பம்பிலியா நாடு, நீங்கள் போகிற திசைக்கு நேர் எதிர்த் திசை. தெர்மெசோஸ் மலை உச்சியில் இருக்கிறது. அலெக்சாண்டரே பிடிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போன ஊர், அம்மாவின் முழங்காலுக்கு வேண்டாம். டால்யானும் இந்தத் தடவை வேண்டாம்.

இப்படி வெட்டினால் மிஞ்சுவது லிசியா மட்டும். மேற்கு தவ்ரஸ் மலைகள் நேராகக் கடலில் இறங்குகிற ஒரு துண்டு நிலம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக இடம் தேட வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கரையில் எனக்குப் பிடித்தது. பதாராவில் சீட்டு வாங்கி உள்ளே போனால் முதலில் ரோமானிய வளைவு, அப்புறம் அரங்கம், அப்புறம் சபை மண்டபம். அதே சாலை முடிகிற இடத்தில் 18 கி.மீ. நீள மணற்கரை. அப்பாவை மண்டபத்தில் இறக்கிவிட்டு அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப் போகலாம். கெகோவாவில் அதுவும் வேண்டாம், படகில் உட்கார்ந்தபடியே இரண்டு பேரும் ஒன்றைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

சக்கரக்கால் | ஆகஸ்ட் 12, காலை 9:02

உப்புக்காற்று அண்ணா, எல்லாம் சரி, ஆஸ்பெண்டோஸை வெட்டச் சொல்வது மட்டும் அநியாயம். வரலாற்று ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு அந்தாலியா வரை போய்விட்டு, அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற உலகத்திலேயே நன்றாக நிற்கிற ரோமானிய அரங்கங்களில் ஒன்றைப் பார்க்காமல் வருவதா? மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் கட்டியது. கட்டிய ஸெனோனின் பெயர் கல்லிலேயே இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் இருக்கைகள்தான் மிச்சம். இங்கே மேடைக்குப் பின்னால் இருக்கிற சுவர் முழு உயரத்துக்கு நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான்கள் அதை மாளிகையாகப் பயன்படுத்திப் பழுதுபார்த்ததால் தப்பித்தது. இன்றைக்கும் அங்கே ஓபரா நடக்கிறது.

உப்புக்காற்று | ஆகஸ்ட் 12, காலை 9:20

ஒத்துக்கொள்கிறேன். அந்தாலியாவில் இருக்கிற ஒரே முழு நாளை அதற்குக் கொடுங்கள். பெர்கேயும் சிதேவும் வேண்டாம்.

அரைப்படி | ஆகஸ்ட் 12, மதியம் 1:10

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. துருக்கி என்றதும் கபாப் என்று பயப்பட வேண்டாம், அந்தக் கரையில் சைவர்கள் பட்டினி கிடக்க வழியில்லை. கோஸ்லெமே என்று ஒன்று கிடைக்கும். மாவை மெல்லிசாக விரித்து, உள்ளே கீரையோ உருளைக்கிழங்கோ சீஸோ வைத்து மடித்து, பெரிய தோசைக்கல் மாதிரி ஒன்றில் சுட்டுத் தருவார்கள். சாலையோரத்தில் வயதான அம்மாக்கள் தரையில் உட்கார்ந்து தேய்ப்பார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வராது, ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அய்ரான் என்றால் நம்ம மோர்தான், உப்புப் போட்டது. பருப்பு சூப் எங்கேயும் உண்டு. ஆனால் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தெம்ரே (பழைய மீரா இருக்கிற இன்றைய ஊர்) பக்கம் போனால் மலையடிவாரத்திலிருந்து கடல் வரை ஒரே பிளாஸ்டிக் கூரையாகத் தெரியும். கடலோ என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் தக்காளிப் பண்ணை.

டீதான் பிரச்சினை. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கட்டன் சாயா மட்டும். பால் கேட்டால் முழிப்பார்கள். அப்பாவுக்குப் பால் டீ பழக்கம் என்றால் பால் பவுடர் எடுத்துப் போங்கள்.

கல்வெட்டுக்காரன் | ஆகஸ்ட் 12, இரவு 8:47

அப்பாவுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிசியர்கள் கிரேக்கர்கள் இல்லை. அவர்களுக்குத் தனி மொழி, தனி எழுத்து இருந்தன. ஹோமரின் இலியட்டில் டிராய் பக்கம் நின்று சண்டை போடுகிற சார்பெடோன், சாந்தோஸ் ஆறு ஓடுகிற நாட்டிலிருந்து வந்தவன். அந்த ஆற்றங்கரையில்தான் சாந்தோஸ் நகரம். கி.மு. 540 வாக்கில் பாரசீகத் தளபதி ஹார்பகஸ் படையெடுத்தபோது, தோற்பது உறுதி என்று தெரிந்ததும் ஊர் ஆண்கள் தங்கள் குடும்பங்களைக் கோட்டைக்குள் வைத்துத் தாங்களே தீயிட்டுவிட்டு, வெளியே வந்து கடைசி ஆள் வரை சண்டை போட்டுச் செத்தார்கள் என்று ஹெரோடோடஸ் எழுதுகிறார். அன்றைக்கு ஊரில் இல்லாத 80 குடும்பங்கள்தான் மிச்சமாம். கி.மு. 42இல் புரூட்டஸ் வந்தபோதும் (ஆமாம், சீசரைக் குத்திய அதே புரூட்டஸ்தான்) அந்த ஊர் மறுபடி அப்படியே செய்தது.

சாந்தோஸுக்குப் போகும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். அங்கே உயரமான தூண் கல்லறை ஒன்று இருக்கிறது. மேலே பெண் முகமும் பறவை உடலுமாகச் சிற்பங்கள் சுற்றி வரும். பார்க்கிற சிற்பம் நகல். மூலம் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1840களில் சார்லஸ் ஃபெலோஸ் கப்பல் ஏற்றினார். நெரெயிட் நினைவிடம் என்ற முழுக் கல்லறைக் கோயிலையே துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கே ஒரு அறையில் நிறுத்தியிருக்கிறார்கள். சாந்தோஸில் அதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்த வெறும் அடித்தளத்தைப் பார்த்ததுதான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து லெதூன். சாந்தோஸிலிருந்து சில கி.மீ. தூரம்தான், இரண்டும் சேர்ந்தே 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. கிரேக்கத் தெய்வம் லெதோ, அவள் பிள்ளைகள் ஆர்டெமிஸ், அப்பல்லோ மூவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில். 1973இல் இங்கே ஒரு கல்வெட்டு கிடைத்தது. லிசியன், கிரேக்கம், அரமேயம் என்று மூன்று மொழியில் ஒரே விஷயம், ஒரு தெய்வத்துக்கு வழிபாடு ஏற்படுத்தி நிலம் விட்ட செய்தி. நம்ம ஊர்க் கோயில் சுவரில் எழுதியிருப்பது போலத்தான். லிசிய மொழியைப் படிக்க இது பெரிய உதவியாக இருந்தது. கல் இப்போது ஃபெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகம் சின்னதுதான், ஒரு மணி நேரம் போதும்.

பதாராவின் சபை மண்டபத்தைத் தவற விடாதீர்கள். லிசியாவின் 23 நகரங்கள் கூட்டாட்சியாகச் சேர்ந்து நடத்திய அவை அது. பெரிய நகரத்துக்கு மூன்று ஓட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, சின்னதுக்கு ஒன்று. வரியும் அதே விகிதத்தில். பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இதை எழுதி வைத்தார், பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்டெஸ்கியூ இதை நல்ல கூட்டாட்சிக்கு உதாரணமாகப் புகழ்ந்தார், அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடியவர்களும் எடுத்துப் பேசினார்கள். மண்டபத்தைத் திருத்திக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், படியில் உட்காரலாம்.

மணியோசை | ஆகஸ்ட் 13, காலை 6:30

திருநெல்வேலி என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஆச்சி வேதாகமம் வாசிக்கும்போது "லீசியா நாட்டு மீறாப்பட்டணம்" என்று வரும். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டு போகிற பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். அங்கே இத்தாலிக்குப் போகிற அலெக்சாந்திரியக் கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள். பத்தாரா என்ற பெயரும் அதே புத்தகத்தில் வரும். சின்ன வயதில் இதெல்லாம் கதையில் வருகிற ஊர் என்றே நினைத்திருந்தேன். இப்போது நீங்கள் மீரா, பதாரா என்று பஸ் ரூட் சொல்வதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது. தெம்ரேயில் புனித நிக்கோலஸ் கோயிலும் இருக்கிறதுதானே?

உப்புக்காற்று | ஆகஸ்ட் 13, காலை 7:50

இருக்கிறது அக்கா. நிக்கோலஸ் பிறந்தது பதாரா, ஆயராக இருந்தது மீரா. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக் கதை இவர்தான், பனியே பார்க்காத கடற்கரை ஆள். எலும்புகளை 1087இல் இத்தாலிய மாலுமிகள் எடுத்துக்கொண்டு பாரி நகரத்துக்குப் போய்விட்டார்கள். கோயில் இன்றைக்குத் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது, இறங்கித்தான் போக வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அவ்வளவு.

நீங்கள் சொன்ன கப்பல் மாற்றம் நடந்த துறைமுகம் மீராவை ஒட்டிய அந்திரியாகே. எகிப்துக் கோதுமை ரோமுக்குப் போகிற வழி அது. ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் கட்டிய தானியக் கிடங்கு இன்னும் நிற்கிறது. அதற்குள்ளேதான் இப்போது லிசிய நாகரிக அருங்காட்சியகம். தரை சமமாக இருக்கும், தேன்சிட்டின் அம்மாவும் நடக்கலாம்.

பவளமல்லி | ஆகஸ்ட் 13, மாலை 5:35

நான் படித்தது நிலவியல், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கரையில் ஊர்கள் அழிந்ததில் பாதி வேலையை நிலமும் தண்ணீரும்தான் செய்தன.

கெகோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கத் தட்டு அனத்தோலியாவுக்கு அடியில் நுழைகிற இடம் இது. நிலநடுக்கங்களில் கரை அப்படியே கீழே இறங்கியது. கெகோவாத் தீவின் ஓரமாகப் படகு போகும்போது பாறையில் வெட்டிய படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கிப் போவது தெரியும். சுவரின் மேல் பாதி வெளியே, கீழ்ப் பாதி உள்ளே. மத்தியதரைக் கடலில் ஓதம் ரொம்பக் குறைவு என்பதால் எந்த நேரம் போனாலும் ஏறக்குறைய ஒரே மட்டம்தான். அங்கே குளிக்கவோ முக்குளிக்கவோ கூடாது, சட்டப்படி தடை.

பதாராவுக்கு நேர்ந்தது இதற்கு எதிர். சாந்தோஸ் ஆறு மணலைக் கொண்டு வந்து தள்ளித் தள்ளித் துறைமுக வாயை அடைத்தது. நீரோ காலத்தில், கி.பி. 64 வாக்கில், கட்டிய கலங்கரை விளக்கம் இப்போது மணலுக்கு நடுவே நிற்கிறது. பழைய துறைமுகம் நாணல் வளர்ந்த சதுப்பாகிவிட்டது. அம்மா உட்காரப் போகிற அருமையான மணல் இருக்கிறதே, அப்பா பார்க்கப் போகிற ஊரைக் கொன்றது அதுதான்.

அப்புறம் அது கடலாமை முட்டையிடும் கரை. சீசனில் இரவில் மூடிவிடுவார்கள். பகலிலும் குடைக் கம்பியைக் கண்ட இடத்தில் குத்தாதீர்கள்.

அரைப்படி | ஆகஸ்ட் 13, மாலை 5:50

கடலுக்குள் மூழ்கிய ஊர் என்றதும் யாராவது குமரிக்கண்டத்தை இழுப்பார்கள் என்று காத்திருந்தேன். இன்னும் காணோம்.

பவளமல்லி | ஆகஸ்ட் 13, மாலை 5:54

தயவுசெய்து வேண்டாம். இது கண்டம் இல்லை, ஒரு தெரு.

மலைத்தேனீ | ஆகஸ்ட் 14, இரவு 11:05

சிராலி நெருப்பைப் பற்றி நான் சொல்கிறேன். லிசியப் பாதை என்று ஃபெத்தியே பக்கமிருந்து அந்தாலியா பக்கம் வரை 500 கி.மீ.க்கு மேல் நடைபாதை இருக்கிறது, 1999இல் திறந்தது. பழைய ரோமானியச் சாலை, ஆட்டிடையர் தடம் எல்லாவற்றையும் கோத்து, பாறையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டு வழி காட்டுவார்கள். அதில் ஒரு பாதியை நான் நடந்திருக்கிறேன்.

சிராலி நெருப்புக்குத் துருக்கிப் பெயர் யனார்தாஷ், எரிகிற கல் என்று அர்த்தம். மலைச் சரிவில் வெறும் பாறை இடுக்கிலிருந்து தீ எரிந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து இடத்தில், சின்னச் சின்னதாக. மீத்தேன் வாயுதான். ஆனால் மக்கிய உயிர்களிலிருந்து வருகிற வழக்கமான வாயு மட்டுமில்லை, மழைநீர் அந்தப் பாறையோடு வினைபுரிந்து உண்டாவதும் பெரும்பங்கு என்கிறார்கள். பழைய காலத்து மாலுமிகளுக்கு இது தெரிந்த அடையாளம். கிமெரா என்ற நெருப்புக் கக்கும் விலங்கின் கதையும் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே நெருப்புத் தெய்வம் ஹெபைஸ்டஸின் கோயில் இடிபாடு இருக்கிறது.

இருட்டின பிறகுதான் போக வேண்டும். பகலில் போனால், இதற்கா வந்தோம் என்று இருக்கும். கீழே வாசலிலிருந்து ஏறக்குறைய ஒரு கி.மீ. கல்படி, ஒழுங்கில்லாத படி. அம்மாவுக்குக் கஷ்டம். அப்பாவுக்கு டார்ச்சும் பிடிமானமுள்ள ஷூவும் கட்டாயம். நான் போன அன்று ஒரு குடும்பம் தீயில் கெட்டில் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தது.

உப்புக்காற்று | ஆகஸ்ட் 15, காலை 8:12

இதைச் சேர்க்க வேண்டுமானால் அந்தாலியா இரவில் ஒன்றைச் சிராலிக்கு மாற்றுங்கள். காஷுக்குப் போகிற வழிதான். ஆஸ்பெண்டோஸை வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் மேற்கே திரும்பினால் பாசெலிஸ். பைன் மரத்துக்கு நடுவே பழைய தெரு, அதன் இரண்டு முனையிலும் கடல். ஊருக்கு மூன்று துறைமுகம். ரோட்ஸ் தீவிலிருந்து வந்தவர்கள் இந்த இடத்தை ஒரு இடையனிடம் கருவாடு கொடுத்து வாங்கினார்கள் என்று கதை. குளிக்கவும் நல்ல இடம். முழு நாளும் அங்கே போய்விடும் அபாயம் உண்டு.

படகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை விலை குறைவு என்று கெகோவாவுக்கு ஒரு பெரிய படகில் ஏறிவிட்டேன். யார் படகு என்று கேட்க வேண்டாம். நாள் முழுக்கக் காது கிழிகிற பாட்டு, மூழ்கிய ஊரைத் தாண்டினதே தெரியவில்லை. உச்சாஸ் கிராமத்துக்குச் சாலையில் போய், அங்கே கரையில் நிற்கிற சின்னப் படகை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பேசுங்கள். காலை 9 மணிக்குள் ஏறிவிட்டால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும்.

சக்கரக்கால் | ஆகஸ்ட் 15, காலை 9:40

கார் வேண்டும் என்பதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா?

உப்புக்காற்று | ஆகஸ்ட் 15, காலை 9:58

இந்தக் குடும்பத்துக்கு வேண்டும். நான் தனியாகப் போனால் தோல்முஷ்தான். நம்ம ஷேர் வேன் மாதிரி, பெயருக்கே "நிரம்பியது" என்றுதான் அர்த்தம். பின்னால் உட்கார்ந்தவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறி டிரைவரிடம் போய், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஆனால் முழங்கால் வலியோடு நெடுஞ்சாலையில் இறங்கி வெயிலில் நடக்க முடியாது.

நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு யூரோவில்தான், மலிவில்லை. மத்தியதரைக் கடல் பகுதிக்கென்று ஒரு வார அருங்காட்சியக அட்டை இருக்கிறது. நான்கைந்து இடம் போவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேன்சிட்டு | ஆகஸ்ட் 15, இரவு 9:15

அம்மா அப்பா விசா பலமுறை நுழைவுதான், பார்த்துவிட்டேன். டிக்கெட் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி. அப்பா கல்வெட்டுக்காரன் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

தேன்சிட்டு | அக்டோபர் 12, மாலை 6:20

வந்து ஒரு வாரமாகிறது. கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆள் நான் இல்லை, எழுதுகிறேன்.

ஆஸ்பெண்டோஸ் சக்கரக்கால் சொன்னது சரி. மேல் வரிசையில் அப்பா உட்கார்ந்துகொண்டு என்னைக் கீழே மேடைக்குப் போய்ப் பேசச் சொன்னார். வெட்கமாக இருந்தது. "கேட்குதா?" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். மேலேயிருந்து, "ம், கேட்குது, சட்டையை உள்ளே விடு" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற யாருக்கும் தமிழ் தெரியாது, தப்பித்தேன்.

பாசெலிஸில் உப்புக்காற்று சொன்ன அபாயம் நடந்துவிட்டது. அம்மா வடக்குத் துறைமுகத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றார். வலியே இல்லை என்றார். சிராலிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது, அதுவும் நல்லதற்குத்தான். அப்பாவும் நானும் தீயைப் பார்க்க ஏறினோம். ஏறும்போது அப்பா பேசிக்கொண்டே வந்தார், மேலே போனதும் பேச்சு நின்றுவிட்டது. இமாச்சலத்து ஜ்வாலாமுகி கோயிலிலும் இப்படிப் பாறையிலிருந்து தீ வருமாம். அவர் இளைஞராக இருந்தபோது போக நினைத்துக் காசில்லாமல் போகவில்லையாம். எனக்கு இது தெரியாது.

மீராவில் மலை முகத்தில் வெட்டிய கல்லறைகள் படத்தில் பார்ப்பதைவிட நன்றாக இருந்தன. மர வீட்டின் உத்தரக் கட்டை முனைகளைக்கூடக் கல்லில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். ஏற விடுவதில்லை. ஒரே கூட்டம், அரை மணியில் கிளம்பிவிட்டோம். மணியோசை அக்கா, அந்திரியாகேவில் உங்களை நினைத்துக்கொண்டோம். கிடங்கு வாசலில் ஹாட்ரியன், அவர் மனைவி தலைச் சிற்பங்கள் இன்னும் சுவரிலேயே இருக்கின்றன.

கெகோவாவுக்கு 8:30க்கே சின்னப் படகு பேசினோம். படகுக்காரருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை, அப்பாவுக்குத் துருக்கி இரண்டு வார்த்தை. நன்றாகவே பேசிக்கொண்டார்கள். தண்ணீருக்குள் படி இறங்குகிற இடத்தில் இன்ஜினைக் குறைத்து மெதுவாகப் போனார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் படியில யாரோ துணி துவைச்சிருப்பாங்க" என்றார். அப்பா அது படகுத்துறையாக இருக்கும் என்று ஆரம்பித்தார், கரை சேரும் வரை விவாதம் ஓடியது. எதிரே காலேகோய்க்குச் சாலை கிடையாது, படகிலோ நடந்தோதான் வர வேண்டும். கரையோரத் தண்ணீரில் ஒரு கல் பெட்டிக் கல்லறை தனியாக நிற்கிறது, மூடி கவிழ்த்த படகு மாதிரி. அப்பா கோட்டைக்கு ஏறிப் பாறையில் வெட்டிய குட்டி அரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டார்.

பதாராவில் திட்டமிட்டபடி ஆளுக்கொரு பக்கம். ஆனால் அப்பா சபை மண்டபத்தில் இருந்தது முக்கால் மணி நேரம்தான், பிறகு கடற்கரைக்கு நடந்தே வந்துவிட்டார். பவளமல்லி எழுதியதைச் சொல்லி, "இந்த மணல்தான்" என்று அம்மாவிடம் கையில் அள்ளிக் காட்டினார்.

இனிமேல்தான் ஆச்சரியம். சாந்தோஸில் வெயில் தாங்கவில்லை, அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. லெதூனுக்கும் இறங்க மாட்டார் என்று நினைத்தேன். அங்கே நிலத்தடி நீர் ஏறிக் கோயிலின் ஒரு பகுதி குளமாகிவிட்டது. தூண் அடித்தளத்தின் மேல் ஆமைகள் வெயில் காய்கின்றன, தவளை கத்துகிறது. லெதோ குழந்தைகளுக்குத் தண்ணீர் கேட்டபோது உள்ளூர்க்காரர்கள் குளத்தைக் கலக்கிவிட்டார்களாம், அவர்களை அவள் தவளையாகச் சபித்தாளாம். இந்தக் கதையை அப்பா காரிலேயே சொல்லியிருந்தார். அம்மா அந்தக் குளத்தோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "பாவம், இன்னும் கத்திக்கிட்டே இருக்கானுங்க" என்றார். அப்பா கோயில்களைச் சுற்றி முடித்து வந்து அவசரப்படுத்தியதற்கு, "நீங்க தூணைப் பார்க்கும்போது நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார். பயணத்தில் எது பிடித்தது என்று இப்போது யார் கேட்டாலும் லெதூன் என்கிறார். பெயர் வராவிட்டால் "தவளைக் கோயில்".

காயாகோய் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல் வீடுகள் மலைச்சரிவு முழுக்க. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மதத்தை வைத்து மக்களை மாற்றிக்கொண்டபோது காலியான ஊர். பதிலுக்கு அங்கிருந்து வந்தவர்கள் இங்கே தங்கவில்லை. அம்மா ஒரு வீட்டின் அடுப்பு மாடத்தைப் பார்த்தார், அப்புறம் போகலாம் என்றார். போய்விட்டோம். ஒலூதெனிஸில் வானம் முழுக்கப் பாராகிளைடர், கரை முழுக்கக் கூட்டம். சக்லிகென்டுக்கு நேரமில்லை.

கல்வெட்டுக்காரன் | அக்டோபர் 12, இரவு 8:05

மும்மொழிக் கல்வெட்டு பார்த்தீர்களா?

தேன்சிட்டு | அக்டோபர் 12, இரவு 8:30

கடைசி நாள் காலை, விமானத்துக்கு முன்னால் பார்த்தோம். அப்பா எழுத்தைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டி வரி எண்ணிக்கொண்டிருந்தார். காவலர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

சக்கரக்கால் | அக்டோபர் 12, இரவு 8:41

ஆஸ்பெண்டோஸுக்கு நன்றி சொன்னதற்கு நன்றி. டால்யானையும் சேர்த்திருக்கலாம்.

அரைப்படி | அக்டோபர் 12, இரவு 9:10

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். டீ என்னாச்சு?

தேன்சிட்டு | அக்டோபர் 12, இரவு 9:22

முதல் நாள் அப்பா முகம் சுளித்தார். படகுக்காரர் வீட்டுத் திண்ணையில் நான்கு கிளாஸ் குடித்தார். இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் துருக்கிக் கடையில் அந்தக் கிளாஸ் ஒரு செட் வாங்கியாயிற்று. பால் பவுடர் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?